எந்த கேஸ்?

ஹைதராபாத்தின் தார்நாக்காவில் வசிக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவரின் மனைவி, காரில் குளிர் போதுமானதா என்பதை வெப்பமானியைக் கொண்டு அளப்பதில்லை. கடைகளின் பெயர்ப்பலகைகளைக் கொண்டு அளக்கிறார். 1980களின் தொடக்கத்தில் திருநெல்வேலியிலிருந்து இந்நகருக்கு வந்தபோது, தெலுங்கு எழுத்துகளை அவர் கற்றது பேருந்துச் சன்னல் வழியாகத்தான். பலகைகளை வாய்விட்டுப் படிப்பது அன்று தொடங்கிய பழக்கம். இன்று வாரத்தில் இரண்டு நாள் பேகம்பேட்டையிலுள்ள இயன்முறை மருத்துவ நிலையத்துக்குச் செல்லும்போதும், மெட்டுகூடா, செகந்திராபாத், பாரடைஸ் என்று வழி நெடுகப் படித்துக்கொண்டே போகிறார். எழுத்துகள் கலங்கத் தொடங்கினால் படிப்பது நின்றுவிடும். வண்டிக்குள் சூடு ஏறிவிட்டது என்பதைப் பேராசிரியர் அறிந்துகொள்வது அந்த மௌனத்திலிருந்துதான்.

அவருக்கு 2009ஆம் ஆண்டில் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்று கண்டறியப்பட்டது. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை ஆங்காங்கே சிதைந்துபோகும் நோய் அது. உறை சிதைந்த நரம்பில் செய்தி தட்டுத் தடுமாறிச் செல்லும்; உடல்வெப்பம் அரை டிகிரி கூடினாலே அந்தத் தடுமாற்றமும் கூடும். பார்வை மங்கும், கால் தளரும். உடல் குளிர்ந்தால் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். வில்ஹெல்ம் உட்டோஃப் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890இல் இதை விவரித்ததால், உட்டோஃப் நிகழ்வு என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள். எனவே அந்த வீட்டில் காரின் குளிரூட்டி வசதிப் பொருளன்று. சக்கர நாற்காலியைப் போன்றதொரு கருவி.

கார் 1991ஆம் ஆண்டின் கான்டெசா. புனேயில் இருக்கும் மகள், அதை விற்றுவிட்டுப் புதிய வண்டி வாங்கச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அம்மையார் இசையவில்லை. கதவு எவ்வளவு அகலத் திறக்கும், எந்த இடத்தில் கையை ஊன்றினால் உடல் திரும்பும், இருக்கையின் விளிம்பு தொடையில் எங்கே படும் என்பதெல்லாம் அவருடைய உடலுக்கு மனப்பாடம். "புது வண்டியில ஏறிப் பழகறதுக்கு எனக்கு இன்னொரு உடம்பு வேணும்" என்பார். பேராசிரியருக்கு அந்த வாதத்தை மறுக்க வழியில்லை.

சென்ற ஆண்டு மட்டும் அந்தக் காரில் மூன்று முறை கேஸ் போடப்பட்டது. ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு வாரங்களுக்குக் குளிர் வரும். பிறகு காற்று வெதுவெதுப்பாகும். பிறகு வெறும் காற்று. இந்த ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், அம்மையார் மெட்டுகூடாவைத் தாண்டும் முன்பே படிப்பதை நிறுத்திவிட்டார். மருத்துவ நிலையத்தின் வாசலில் காலை ஊன்ற முடியாமல், இருவர் தூக்கி இறக்க வேண்டியிருந்தது.

*

பேராசிரியர் மூன்று பழைய ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு முஷீராபாத்தில் ஒரு கொட்டகைக்குப் போனார். அங்கே நாற்பது ஆண்டுகளாகக் கார் ஏசி வேலை மட்டுமே செய்துவரும் ஒரு முதியவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாய்.

பாய் பானெட்டைத் திறக்குமுன் கேட்ட முதல் கேள்வி: "உள்ளே எந்த கேஸ் இருக்கு, சார்?"

பேராசிரியர் ரசீதுகளை நீட்டினார். மூன்றிலும் ஒரே வரிதான் இருந்தது: 'ஏசி கேஸ் சார்ஜிங் - 1.'

பாய் சிரித்தார். "கேஸ்னு எழுதியிருக்கு. எந்த கேஸ்? அடுப்பு கேஸா, வயித்து கேஸா?"

முப்பத்து நான்கு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவரிடம் விடை இல்லை. தன் மனைவி அமரும் இடத்திலிருந்து ஓரடி தூரத்தில் அழுத்தத்தில் அடைத்துவைக்கப்பட்டிருக்கும் சேர்மம் எதுவென்று அவர் ஒருமுறையும் கேட்டதில்லை.

கேஸ் என்ற சொல்லின் வரலாறே சற்று விந்தையானது. பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர், குழப்பம், வெறுமை என்னும் பொருள்தரும் கேயாஸ் என்ற கிரேக்கச் சொல்லை மனத்தில் கொண்டு அதை ஆக்கினார். இந்திய மொழிகளுக்குள் அது வந்த வழியில் சமையல் எரிவாயு, வெல்டிங் வாயு, வயிற்றுப் பொருமல், குளிர்பதனி என எல்லாவற்றுக்கும் ஒரே பெயராகிவிட்டது. பொதுப்பெயர் பழகிவிட்டால் சிறப்புப்பெயரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. 'கேஸ் போட்டாச்சு' என்பது முழுமையான வாக்கியமாகவே காதில் விழுகிறது. எந்த கேஸ், எவ்வளவு, எந்த எண்ணெயுடன் என்ற மூன்று கேள்விகளை அந்த வாக்கியம் விழுங்கிவிடுகிறது.

இத்தனைக்கும் குளிர்பதனிகளின் எண்கள் இடுகுறிப் பெயர்களல்ல, காரணப் பெயர்கள். ஆர் என்ற எழுத்துக்குப் பின் வரும் எண்ணை மூன்று இலக்கமாக எழுதிக்கொள்ள வேண்டும். கடைசி இலக்கம் ஃப்ளூரின் அணுக்களின் எண்ணிக்கை. நடு இலக்கத்தில் ஒன்றைக் கழித்தால் ஹைட்ரஜன். முதல் இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் கார்பன். எஞ்சிய இடங்களில் குளோரின் அமரும். ஆர்-12 என்பதை 012 என்று எழுதினால் கார்பன் 1, ஹைட்ரஜன் இல்லை, ஃப்ளூரின் 2. கார்பனின் நான்கு கைகளில் மீதி இரண்டையும் குளோரின் பிடித்திருக்கிறது. ஆர்-134ஏ என்றால் கார்பன் 2, ஹைட்ரஜன் 2, ஃப்ளூரின் 4. ஆறு இடங்களும் நிரம்பிவிட்டன, குளோரினுக்கு இடமில்லை. இறுதியிலுள்ள 'ஏ', அதே அணுக்கள் வேறு வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதைக் குறிக்கிறது. குளோரின் உண்டா இல்லையா என்பது பெயரிலேயே இருக்கிறது, படிக்கத் தெரிந்தவர்களுக்கு.

பேராசிரியருக்குப் படிக்கத் தெரியும். ஆனால் ரசீதில் பெயர் இல்லை.

*

பாய் கையில் ஒரு டார்ச் விளக்கோடு குழாய்களைப் பின்தொடர்ந்தார். கார் ஏசியில் மூன்று ரப்பர் ஹோஸ்கள் முதன்மையானவை. கம்பிரசரிலிருந்து கண்டென்சருக்குச் சூடான வாயுவைக் கொண்டுசெல்வது டிஸ்சார்ஜ் ஹோஸ். எவாப்பரேட்டரிலிருந்து கம்பிரசருக்குக் குளிர்ந்த வாயுவைத் திருப்பிக் கொண்டுவரும் தடித்த ஹோஸ் சக்ஷன். திரவத்தைக் கடத்தும் மெல்லியது லிக்விட். கம்பிரசர் எஞ்சினோடு சேர்ந்து அதிர்வதால் உலோகக் குழாய் மட்டும் போதாது. வளைந்து கொடுக்கும் ரப்பர் வேண்டும். அந்த ரப்பரின் முனைகளை அலுமினியப் பிடிகளில் நெரித்து இறுக்கியிருப்பார்கள். அதைக் கிரிம்ப் என்பார்கள்.

டிஸ்சார்ஜ் ஹோஸின் கிரிம்ப் அருகே எண்ணெய்க் கசிவில் தூசி படிந்து கருப்பாக ஒட்டியிருந்தது. குளிர்பதனி கசியும்போது தன்னோடு கம்பிரசர் எண்ணெயையும் சிறிது கொண்டுவரும். வாயு கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும். பாய் ஹோஸை மெல்ல வளைத்தார். மேற்பரப்பில் நெடுக வெடிப்புகள்.

பிறகு சர்வீஸ் வால்வைக் காட்டினார். மரையுடன் கூடிய பழைய முனை. அது ஆர்-12 காலத்தது. ஆர்-134ஏ நிரப்புவதற்கான முனை வேறு வடிவம். ஒன்றில் மற்றதன் இணைப்பு பொருந்தாதபடி வேண்டுமென்றே மாற்றி அமைத்திருக்கிறார்கள். கலந்துவிடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பழைய முனைக்கேற்ற ஏதோவொரு இணைப்பைக் கொண்டு, கடையில் எளிதில் கிடைக்கும் 134ஏயை இதற்குள் செலுத்தியிருக்க வேண்டும் என்பது பாயின் ஊகம். டிரையர் மாறவில்லை. எண்ணெய் மாறவில்லை. ஓ-ரிங்குகள் மாறவில்லை.

இதன் விளைவு பேராசிரியருக்கு உடனே புரிந்தது. ஆர்-12 உடன் பயன்பட்டது கனிம எண்ணெய். ஆர்-134ஏயில் அது கரையாது. கரையாத எண்ணெய் குழாய்களின் வளைவுகளில் தங்கிவிடும், கம்பிரசருக்குத் திரும்பாது, கம்பிரசர் வறண்டு ஓடும். மேலும், 134ஏயின் மூலக்கூறு 12ஐ விடச் சிறியது. பழைய நைட்ரைல் ரப்பரின் ஊடாகவே மெல்லப் புகுந்து வெளியேறக்கூடியது. 12 சிறிது எஞ்சியிருக்க அதன்மேல் 134ஏயை ஊற்றினால், கலவையின் அழுத்தம் தனித்தனி வாயுக்களுடையதை விடக் கூடும். வெடித்த ஹோஸ் அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் கேஸ் மட்டும் போட்டுக் கொடுக்கவா, சார்?" என்று பாய் கேட்டார். கேட்ட விதத்திலேயே, போடமாட்டேன் என்பது இருந்தது.

*

அன்றிரவு பேராசிரியர் உறங்கவில்லை. அவரை உறுத்தியது கம்பிரசர் அல்ல.

ஆர்-12 என்பது டைகுளோரோடைஃப்ளூரோமீத்தேன். 1920களின் இறுதியில் தாமஸ் மிட்ஜ்லியின் குழு அமெரிக்காவில் அதைக் குளிர்பதனியாக முன்வைத்தபோது அது ஒரு வரமாகத் தெரிந்தது. அதற்கு முன் குளிர்ப்பெட்டிகளில் அம்மோனியா, சல்ஃபர் டைஆக்சைடு போன்றவை இருந்தன. கசிந்தால் உயிருக்கு ஆபத்து. புதிய சேர்மம் எரியாது, நச்சுமில்லை, எதனோடும் வினைபுரியாது. அந்த வினைபுரியாமைதான் பின்னர் குற்றமாயிற்று. தரையருகே எதுவும் அதை அழிக்காததால் அது அடுக்குவளிமண்டலம் வரை ஏறுகிறது. அங்கே புறஊதாக்கதிர் அதை உடைக்கிறது. விடுபட்ட குளோரின் ஓசோனைச் சிதைத்துவிட்டு, தான் சிதையாமல் அடுத்த ஓசோனுக்குப் போகிறது. 1974இல் மோலினாவும் ரோலண்டும் இதை எழுதினார்கள். 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்திருப்பது தெரியவந்தது. 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. 2003 தொடக்கத்திலிருந்து புதிய கருவிகளில் இவ்வகைச் சேர்மங்களைப் பயன்படுத்துவதை நிறுத்தியது. 2008 ஆகஸ்டிலிருந்து, ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சிழுப்பு மருந்துகளுக்கானது தவிர, அவற்றின் உற்பத்தியையே நிறுத்தியது.

இவை எல்லாவற்றையும் பேராசிரியர் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவர். 1995இல் குருட்ஸன், மோலினா, ரோலண்ட் மூவருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மறுநாள் வகுப்புக்கு இனிப்பு வாங்கிச் சென்றவர். வகுப்பு முடிந்து அதே நாள் கான்டெசாவில்தான் வீடு திரும்பியிருப்பார். அந்த ஆண்டுகளில் குளிர் குறையும்போதெல்லாம் எங்கோ ஓரிடத்தில் 'கேஸ்' போட்டுக்கொண்டதும் உண்டு. போட்ட கேஸ் எங்கே போயிற்று என்ற கேள்வியைக் கரும்பலகையில் கேட்டவர் வாகன நிறுத்தத்தில் கேட்கவில்லை. ஆர்-12 வளிமண்டலத்தில் சுமார் நூறு ஆண்டுகள் நிலைக்கும். 1995இல் அந்த ஹோஸ் வழியே கசிந்ததில் பெரும்பகுதி இன்னும் மேலேதான் இருக்கிறது.

காலையில் இதை மனைவியிடம் சொன்னார். அம்மையார் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிங்க, போனது போச்சு. இருக்கிறதையாவது பிடிச்சு வைக்க முடியுமான்னு கேளுங்க" என்றார்.

*

பிடித்து வைப்பது எளிதாக இல்லை. செகந்திராபாத்தில் மீட்பு இயந்திரம் வைத்திருந்த ஒரு பெரிய பணிமனை, உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத வாயுவைத் தன் இயந்திரத்தில் ஏற்ற மறுத்துவிட்டது. அவர்கள் மறுத்ததில் தவறில்லை. கலப்பு வாயு ஒருமுறை புகுந்தால் அந்த இயந்திரத்தின் உருளையிலுள்ள அனைத்தும் பாழாகும்.

வழி கொட்டகையிலேயே கிடைத்தது. பாயிடம் மறுநிரப்பு உருளை ஒன்று காலியாக இருந்தது. பேராசிரியர், அதை வெற்றிடமாக்கிப் பனிக்கட்டி நிறைந்த வாளியில் அமிழ்த்தச் சொன்னார். வெயிலில் நிற்கும் காரிலிருந்து குளிர்ந்த உருளைக்கு வாயு தானே நகரும். பாய் இதைச் செய்து பார்த்ததில்லை. ஆனால் கேட்டவுடன் புரிந்துகொண்டார். காரை வெயிலுக்கு நகர்த்தினார், இணைப்பைக் கொடுத்தார், கேஜின் முள் மெல்ல இறங்குவதை இருவரும் ஸ்டூலில் அமர்ந்து பார்த்தார்கள். முழுவதும் வரவில்லை. எடை போட்டபோது உருளையில் 190 கிராம் கூடியிருந்தது. பேராசிரியர் அதன்மேல் 'கலப்பு, 12 + 134ஏ, பயன்படுத்தக்கூடாது' என்று எழுதினார்.

அடுத்த கேள்வி, புதிதாக எதை நிரப்புவது என்பது.

சந்தையில் நான்கு விடைகள் புழங்கின. முதலாவது, யாரோ கிடங்கில் பதுக்கிவைத்திருந்த பழைய ஆர்-12 டப்பா. வண்டிக்கு இயல்பாகப் பொருந்துவது அதுதான். ஹோஸ் தவிர எதையும் மாற்ற வேண்டியதில்லை. டப்பாவுக்குள் உண்மையிலேயே அதுதான் இருக்கிறது என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சான்றில்லை. சான்று இருந்தாலும் பேராசிரியர் இனி அதைத் தொடுவதாக இல்லை.

இரண்டாவது, வீட்டு ஏசியின் ஆர்-22. சிலர் துணிந்து போடுவதுண்டு. அதன் கொதிநிலை மைனஸ் 41 டிகிரி. 12இன் கொதிநிலை மைனஸ் 30. அதாவது அதே சூட்டில் மிகக் கூடுதலான அழுத்தம். ஹைதராபாத் மே மாதத்தில், போக்குவரத்து நெரிசலில் நிற்கும் காரில், கிரிம்ப் பிய்த்துக்கொள்ள அது போதும்.

மூன்றாவது, புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த ஹைட்ரோகார்பன் கலவை. இதற்கு ஆதரவாகச் சொல்வதற்கு உண்மையிலேயே நிறைய உண்டு. ஓசோனுக்குத் தீங்கில்லை; புவி வெப்பமாதலில் பங்கு மிகக் குறைவு; விலை மலிவு; பழைய கனிம எண்ணெயோடு இணக்கம்; குளிர்ச்சியும் நன்று. வீட்டுக் குளிர்ப்பெட்டிகளில் ஐசோபியூட்டேன் இன்று பரவலாக இருக்கிறது. பேராசிரியரின் மனம் இதில்தான் சாய்ந்தது. கணக்குப் போட்டால் பூமிக்கு ஆகக் குறைந்த கேடு இதில்தான்.

பாய் ஒரே சொல்லில் மறுத்தார்: "நக்கோ, சார்." தக்கனியின் அந்த 'வேண்டாம்' மராத்தியிலிருந்து வந்தது, இந்தியின் 'நஹீ' வெறும் இன்மையையும் குறிக்கும், நக்கோ மறுப்பை மட்டுமே குறிக்கும். பேராசிரியர் காரணம் கேட்டார். எவாப்பரேட்டர் டாஷ்போர்டுக்கு உள்ளே, பயணிகளின் முழங்காலுக்கு முன்னால் இருக்கிறது. அங்கே கசிந்தால் வாயு அறைக்குள் வரும். ஒரு தீப்பொறி போதும். குளிர்ப்பெட்டியில் இருப்பது சில பத்துக் கிராம். அது மோதுவதுமில்லை, அதிர்வதுமில்லை. இவ்வளவும் பேராசிரியருக்குத் தெரிந்ததே. பாய் பிறகு சொன்னதுதான் தெரியாதது.

"புகை வந்தா நீங்க கதவைத் திறந்து குதிச்சிடுவீங்க. அம்மா எப்படி இறங்குவாங்க?"

அம்மையார் காரிலிருந்து இறங்க, உதவியோடு, நான்கு நிமிடம் ஆகும். பேராசிரியரின் கணக்கில் பூமி இருந்தது. அந்த நான்கு நிமிடம் இல்லை.

நான்காவது ஆர்-134ஏ, முறையான மாற்றத்தோடு. அதிலும் குறை உண்டு. ஓசோனை அது தொடாது; ஆனால் நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ 134ஏ, ஏறத்தாழ 1,300 முதல் 1,430 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடேற்றும். 12 என்றால் அந்த எண் பத்தாயிரத்தைத் தாண்டும். 2016இன் கிகாலி திருத்தம் 134ஏ போன்றவற்றையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. இந்தியா 2021இல் அதை ஏற்றது. 2032இலிருந்து குறைப்பைத் தொடங்க வேண்டும். புதிய கார்கள் பல நாடுகளில் ஆர்-1234ஒய்எஃப்புக்கு மாறிவிட்டன. அதன் வெப்பமாக்கும் திறன் மிகக் குறைவு. ஆனால் விலை மிக அதிகம், சிறிதளவு எரியக்கூடியது, காற்றில் சிதைந்து டிரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலமாக நீரில் சேரக்கூடியது. முப்பதாண்டுப் பழைய வண்டிக்கு அதை யாரும் வடிவமைக்கவில்லை.

குற்றமற்ற வாயு எதுவுமில்லை என்பது தெளிவானபின், முடிவு வேறொன்றைச் சார்ந்ததாக ஆயிற்று. கசியாமல் இருந்தால் 134ஏயின் கேடு உள்ளேயே அடைபட்டிருக்கும். ஆகவே எந்த வாயு என்ற கேள்வியின் பாதி விடை, எந்த ஹோஸ் என்பதில் இருந்தது.

*

ராணிகஞ்சில் வாங்கிய புதிய ஹோஸின் ஒரு துண்டைப் பாய் குறுக்காக அறுத்துக் காட்டினார். வெளியே கரிய ரப்பர். அதற்குள் பின்னல் நூல். அதற்குள் மீண்டும் ரப்பர். அதனிடையே மெல்லிய நைலான் அடுக்கு. வாயுவைத் தடுப்பது அந்த நைலான்தான். அறுத்த பழைய ஹோஸில் அது இல்லை. பேராசிரியர் இரண்டு துண்டுகளையும் வீட்டுக்கு எடுத்துச் சென்று மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். அவர் பழையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கும் என் வியாதிதானா? உறை இல்லையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பேராசிரியரால் உடன் சிரிக்க முடியவில்லை.

வேலை நான்கு நாள் நடந்தது. கம்பிரசரைக் கழற்றிக் கவிழ்த்து, பழைய எண்ணெயை வடித்தார்கள். கண்டென்சரையும் எவாப்பரேட்டரையும் கழுவி, நைட்ரஜன் செலுத்தி உலர்த்தினார்கள். ஓ-ரிங்குகள் அனைத்தும் மாறின. கருப்பு போய்ப் பச்சை வந்தது. புதிய வாயுவுக்கேற்ற டிரையர் வந்தது. அதை மட்டும் கடைசி நிமிடம் வரை மூடி திறக்காமல் வைத்திருந்தார் பாய், காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும் என்பதால். எண்ணெயில் எஸ்டர் வகையைத் தேர்ந்தார்கள். புதிய கார்களில் வரும் பிஏஜி எண்ணெய், பழைய குளோரின் எச்சங்களோடு ஒத்துப்போகாது. எஸ்டர் அதைப் பொறுத்துக்கொள்ளும்.

ஹோஸின் நீளத்தைப் பாய் டேப்பால் அளக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தச் சொல்லி, கம்பிரசர் எவ்வளவு அசைகிறது என்று பார்த்தார். பிறகு ஒரு கயிற்றைச் சற்றுத் தொய்வாக வைத்து அந்த நீளத்துக்கு வெட்டினார். "இழுத்துப் பிடிச்சா மூணு மாசம். தளர்வா விட்டா பத்து வருஷம்." சைலன்ஸர் குழாயிலிருந்து ஒரு கையகலம் தள்ளி ஹோஸைக் கொண்டுபோனார். கிரிம்ப் செய்யும் முன் இரு முனைகளின் கோணத்தையும் சாக்பீஸால் குறித்துக்கொண்டார். இறுக்கியபின் அது திரும்பாது.

நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவியபோது, லிக்விட் ஹோஸின் ஒரு முனையில் கடுகளவு குமிழ் ஒன்று வந்தது. சற்றுநேரம் கழித்து இன்னொன்று. உதவியாளன், இவ்வளவு சிறியது பரவாயில்லை என்றான். பாய் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் எதுவும் சொல்லவில்லை. முனையை அறுத்துவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்தார்கள். ஒரு மணிநேரம் வெற்றிடமாக்கி, பம்பை நிறுத்திவிட்டு, முள் நகர்கிறதா என்று இன்னொரு மணிநேரம் காத்திருந்தார்கள். நகரவில்லை.

நிரப்புவதையும் எடை பார்த்தே செய்தார்கள். 134ஏ, பழைய 12இன் எடையில் ஏறத்தாழ 80 முதல் 85 விழுக்காடு போதும். கூடினால் அழுத்தம் ஏறிக் குளிர் குறையும். கண்டென்சருக்கு முன்னால் மின்விசிறி ஒன்றும், அழுத்தம் எல்லை மீறினால் கம்பிரசரை நிறுத்தும் சுவிட்ச் ஒன்றும் சேர்ந்தன. வெளியே 40 டிகிரி இருந்த பிற்பகலில், காற்றுத் துளையில் வைத்த வெப்பமானி 11 காட்டியது. 12 இருந்த காலத்தில் இதைவிடக் குளிரும் என்று பாய் உண்மையைச் சொன்னார்.

*

மறுநாள் வண்டியை எடுக்க வந்தபோது பேராசிரியர் ஓர் ஒட்டுத்தாளை எழுதிக் கொண்டுவந்திருந்தார். குளிர்பதனியின் பெயர், நிரப்பிய எடை, எண்ணெயின் வகை, ஹோஸ் மாற்றிய தேதி. தெலுங்கில், இந்தியில், ஆங்கிலத்தில். தெலுங்கு வரிகளை அம்மையார் எழுதியிருந்தார். எழுத்து சற்று நடுங்கியிருந்தது. பானெட்டின் உட்புறத்தைத் துடைத்து, எஞ்சினின் சூடு படாத மூலையில் ஒட்டினார்கள்.

பாய் அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 134 என்ற எண்ணில் விரலை வைத்து, "இது என்ன கணக்கு, சார்? நாற்பது வருஷமா சொல்றேன், அர்த்தம் தெரியாது" என்றார். பேராசிரியர் சாக்பீஸை வாங்கிக் கொட்டகையின் தகரக் கதவில் எழுதிக் காட்டினார். ஒன்றைக் கூட்டு, ஒன்றைக் கழி, கடைசியை அப்படியே எடு. பாய் தானாக 12ஐப் போட்டுப் பார்த்தார், பிறகு 22ஐ. "இதுல ஒரு குளோரின் இருக்கு" என்றார். சரியான விடை.

190 கிராம் உருளை இன்னும் கொட்டகையின் நிழல் மூலையில் நிற்கிறது. அதை அழிக்கக் கொடுக்கும் இடத்தைப் பேராசிரியர் கடிதம் எழுதி விசாரித்துக்கொண்டிருக்கிறார். 1995இல் போனதை நினைத்தால் அது ஒன்றுமில்லை. ஆயினும் அதற்குப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

மே மாதத்தின் இரண்டாம் வாரம், வெளியே 42 டிகிரி. கான்டெசா தார்நாக்காவிலிருந்து கிளம்பியது. மெட்டுகூடாவில் ஒரு மருந்துக்கடை, ஒரு திருமண மண்டபம். செகந்திராபாத்தில் ஒரு தையல் நிலையம், மூன்று செல்பேசிக் கடைகள். பாரடைஸ் சந்திப்பின் நெரிசலில் வண்டி ஏழு நிமிடம் நின்றது. பேராசிரியர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தார். பின்னிருக்கையிலிருந்து, எதிரே நின்ற ஆட்டோவின் முதுகில் எழுதியிருந்த நீண்ட தெலுங்கு வாசகத்தை, ஒரு சொல் விடாமல் அம்மையார் படிப்பது கேட்டது.